இரண்டாவது கையெழுத்து

ஆற்றடிக்குறிச்சி
1916 நவம்பர் 6

என் அருமைத் தம்பி பாக்கியசீலனுக்கு அக்காள் ஞானசௌந்தரி ஆசீர்வாதத்தோடு எழுதுவது. கர்த்தர் கிருபையால் நான் நன்றாயிருக்கிறேன். பெங்களூர்க் குளிர் உன் நெஞ்சுச் சளிக்கு ஆகாது. கம்பளி கொடுத்தார்களா என்று முதலில் எழுது.

பட்டாளத்தில் உன்னை எடுத்துக்கொண்டார்கள் என்ற கார்டு வந்த அன்று அழுதேன். துக்கமும் உண்டு, நிம்மதியும் உண்டு. எட்டு வருஷமாக எந்த வாசலும் உனக்குத் திறக்கவில்லை. திருநெல்வேலியில் கலகம் நடந்த அன்று, பதினாறு வயதில், கூட்டத்தோடு கூட்டமாக நடந்ததற்குப் பன்னிரண்டு பிரம்படி வாங்கினாய். அடி ஆறிவிட்டது, கலகக்காரன் என்ற பெயர் ஆறவில்லை. வாத்தியார் வேலையும் இல்லை, குமாஸ்தா வேலையும் இல்லை.

இப்போது இன்னொரு சோதனை. உன் நடத்தையைப் பற்றி விசாரணைக் காகிதம் ஊருக்கு வருமாம். கிராம முன்சீப் ஒரு கையெழுத்துப் போட வேண்டும். எழுதப் படிக்கத் தெரிந்த, மதிப்புள்ள இன்னொருவர் இரண்டாவது கையெழுத்துப் போட வேண்டும். இரண்டும் நல்லபடியாக வந்தால்தான் அங்கே நீ நிலைப்பாய். இல்லாவிட்டால் கழுத்தைப் பிடித்துத் தள்ளிவிடுவார்களாம். நம் சபைப் போதகர் ஐயர் போடுகிறேன் என்று சொல்லிவிட்டார். மற்றது முன்சீப் வைத்தியலிங்கத்தின் கையில்.

வைத்தியலிங்கம் உன் நடத்தைக்குச் சாட்சியாம்! வாய்க்கால் மடையைத் திருட்டுத்தனமாகத் திறந்து ஊர்த் தண்ணீரைத் தன் வயலுக்குப் பாய்ச்சுகிற மனுஷன். பாலுக்குப் பூனை காவல் என்பது இதுதான். அவர் வாசலில் போய் நிற்க வேண்டுமே என்று நினைத்தாலே குமட்டுகிறது. ஆனாலும் நிற்பேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடு. ஜெபத்தை விடாதே.

உன் அக்காள்
ஞானசௌந்தரி

*

பெங்களூர்
1916 நவம்பர் 19

அன்பான அக்காளுக்குத் தம்பி பாக்கியசீலன் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. நான் சுகம். கம்பளி கொடுத்தார்கள், இரண்டு பேருக்கு ஒன்று. உன் கண்வலி தேவலையா?

எங்களுடையது பாதை போடுகிற பட்டாளம். காலையில் துப்பாக்கி, மத்தியானம் மண்வெட்டி. என் கை காய்த்துவிட்டது. ஆனால் அக்காள், இங்கே ஒருவரும் என்னைக் கலகக்காரன் என்று கூப்பிடுவதில்லை. காலையில் பெயர் வாசிக்கும்போது நானும் மற்றவர்களைப் போல 'ஆஜர்' என்கிறேன். அது எவ்வளவு ருசியான சொல் என்று உனக்குத் தெரியாது.

விசாரணைக் காகிதம் திரும்பி வருகிறவரை ஒருவருக்கும் இடம் நிச்சயமில்லை. போன வாரம் மதுரைப் பக்கத்து ஆள் ஒருவனுக்குக் காகிதம் மோசமாக வந்தது. உடுப்பைக் கழற்றி வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள்.

வைத்தியலிங்கத்திடம் நீ கெஞ்ச வேண்டாம். கேட்டுப் பார். மாட்டேன் என்றால் வந்துவிடு.

இப்படிக்கு
பாக்கியசீலன்

*

ஆற்றடிக்குறிச்சி
1916 டிசம்பர் 11

என் கண்ணான தம்பிக்கு அக்காள் எழுதுவது. சுகமாயிருக்கிறேன். கண்வலி போய்விட்டது. சந்தோஷத்தில் போனதோ என்னவோ!

காகிதம் நல்லபடியாகப் போய்விட்டது. 'நற்குணமுள்ளவன், அமைதியானவன்' என்று வைத்தியலிங்கம் தன் கையாலேயே எழுதினார். எட்டு வருஷம் தெருவில் உன்னைக் கண்டால் காறித் துப்பிய மனுஷன்! மூன்று நாள் நடையாய் நடந்தேன். நாலாம் நாள் மேசைக்கு முன்னால் உட்காரச் சொன்னார்.

"எழுதுதேன், அதுக்கென்ன வாத்தியாரம்மா. எனக்கும் ஒரு காகிதத்துல ரெண்டாவது கையெழுத்து வேண்டியதிருக்கு. கணக்குப்பிள்ளை தயங்குதாரு. நீங்க போட்டுத் தாங்க" என்றார்.

போட்டேன். ஊர்க்காரர் ஒருவருடைய காகிதம். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

யுத்தத்துக்கு அதிக ஆள் பிடித்துக் கொடுக்கும் முன்சீப்புக்கு வெள்ளிக் கடிகாரம் உண்டாம். அந்த ஆசையில் திரிகிறார். கீழத்தெரு சிவசைலமும் போயிருக்கிறார் என்று கேள்வி.

கிறிஸ்துமஸுக்கு முந்திரிக்கொத்து அனுப்புகிறேன். ஹவில்தாருக்கும் கொடு. இனி நீ தலை நிமிர்ந்து நட.

உன் அக்காள்
ஞானசௌந்தரி

*

பெங்களூர்
1917 ஜனவரி 4

அன்பான அக்காளுக்குப் பாக்கியசீலன் எழுதுவது. புது வருஷ வாழ்த்துதல். நான் சுகம். முந்திரிக்கொத்து தூளாக வந்தது. தூளையும் விடாமல் தின்றோம்.

உனக்கு ஒரு கூத்துச் சொல்ல வேண்டும். எங்கள் கூடாரத்துக்குப் புதிதாக வந்திருப்பது யார் தெரியுமா? சிவசைலம் அண்ணாச்சி! வைத்தியலிங்கம் மடை திறக்கிறதைப் பற்றித் தாலுகாவுக்கு மனுப் போட்ட அதே அண்ணாச்சிதான். காக்காய் வலிப்பில் மாதம் இரண்டு தரமாவது விழுகிற ஆளைப் பட்டாளத்தில் எப்படி எடுத்தார்கள் என்று எனக்குத் தலை சுற்றியது. டாக்டர் பல்லைப் பார்த்தார், நெஞ்சைத் தட்டினார், ஓடச் சொன்னார். மாட்டுச் சந்தையில் மாடு பார்க்கிற மாதிரிதான். விழுகிற வேளையில் பார்த்தால்தானே வலிப்புத் தெரியும்?

அண்ணாச்சி அழுதுகொண்டே சொன்னார்: "முன்சீப்பு களத்துல கூப்பிட்டு வச்சுக் கள்ளு ஊத்திக் குடுத்தாருலே. வாய்க்கால் மராமத்துக்குப் பேரு குடுக்கணும், பெருவிரல வையின்னாரு. வச்சேன். மறுநா வண்டியில ஏத்திட்டாவ. இங்கன யாருகிட்டச் சொன்னாலும் சிரிக்காவ."

ஏன் சிரிக்கிறார்கள் என்றால், காகிதம் அப்படிப் பேசுகிறது. 'தன் இஷ்டத்தோடு சேருகிறான், தீராத வியாதி எதுவுமில்லை' என்று எழுதி இரண்டு கையெழுத்தாம். ஒன்று வைத்தியலிங்கம். அவரை விடு, அது பிறவிக் குணம். அந்த இரண்டாவது நாய் யார்? ஊரில் சிவசைலம் விழுந்து பார்க்காதவர் உண்டா? தெரிந்தே போட்டிருக்கிறான். யாரென்று விசாரித்து எழுது. ஊருக்கு வந்ததும் அவன் முகத்தில் காறித் துப்ப வேண்டும்.

இப்படிக்கு
பாக்கியசீலன்

*

ஆற்றடிக்குறிச்சி
1917 பிப்ரவரி 16

அருமைத் தம்பிக்கு அக்காள் எழுதுவது. பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னிக்கவும். சுகமாயிருக்கிறேன். உன் இரண்டு கார்டுகளும் வந்தன.

பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். பிள்ளைகள் பாட்டு நன்றாகப் பாடினார்கள். கூரை ஒழுகுகிறது என்று எழுதிக்கொண்டு போயிருக்கிறார். ஆற்றில் தண்ணீர் குறைந்துவிட்டது. சபை ஐயருக்கு முழங்கால் வீக்கம். உளுந்து இந்த வருஷம் நன்றாக வந்திருக்கிறது.

நீ கேட்ட விஷயம் விசாரித்துச் சொல்லும்படியானதல்ல. யார் என்ன நெருக்கடியில் போட்டாரோ, நமக்கு என்ன தெரியும்? இப்போதுதான் உனக்கு நல்ல பெயர் வந்திருக்கிறது. ஊர் வம்பை இழுத்து அதைக் கெடுத்துக்கொள்ளாதே. உன் வேலையைப் பார்.

சிவசைலத்தைப் பக்கத்திலிருந்து கவனித்துக்கொள். விழுந்தால் என்ன செய்ய வேண்டும் என்று உனக்குத் தெரியும். சாவியோ அரிவாளோ, எந்த இரும்பானாலும் சரி, சட்டென்று கையில் கொடுத்துவிடு. இரும்பைப் பிடித்தால் வலிப்பு இறங்கிவிடும். அவர் மனைவி பேச்சி அப்படித்தான் செய்வாள்.

உன் அக்காள்
ஞானசௌந்தரி

*

பெங்களூர்
1917 மார்ச் 5

அக்காளுக்குப் பாக்கியசீலன் எழுதுவது. நான் சுகமாகத்தான் இருக்கிறேன். நீ சுகமா? அவசரமாக எழுதுகிறேன், கவனமாகப் படி.

முந்தாநாள் பரேடில் சிவசைலம் அண்ணாச்சி விழுந்தார். வாயில் நுரை, கை கால் வெட்டி வெட்டி இழுக்கிறது. சுற்றிலும் பார்த்தேன், சாவி இல்லை, ஆணி இல்லை. என் இடுப்பில் துப்பாக்கி முனையில் மாட்டுகிற கத்தி இருந்தது. உருவி அவர் கையில் கொடுத்தேன். கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அந்த நேரத்தில் ஒரு வெள்ளைக்காரச் சார்ஜெண்டு ஓடி வந்து அவரைத் தூக்கக் குனிந்தார். அண்ணாச்சி கை உதறின உதறலில் கத்தி சார்ஜெண்டின் மணிக்கட்டைக் கிழித்துவிட்டது.

அண்ணாச்சி இப்போது காவலறையில். மேலதிகாரியைக் கத்தியால் குத்தினான், தப்பிக்க வலிப்பு என்று வேஷம் போடுகிறான் என்று குற்றச்சாட்டு. கத்தியைக் கொடுத்தவன் நான் என்று நாலு தரம் சொன்னேன். "வலிப்பு வந்தவன் கையில் கத்தியைக் கொடுக்கிற ஊர் எங்கே இருக்கிறது?" என்று கேட்டுச் சிரித்தார்கள். ஊர்க்காரனைக் காப்பாற்றப் பொய் சொல்கிறேனாம். வியாதி இல்லை என்று காகிதம் சொல்கிறது. அவர்களுக்கு அது போதும்.

26ஆம் தேதி விசாரணை. அந்த இரண்டாவது கையெழுத்துக்காரர், 'நான் தெரிந்தே பொய்யாகப் போட்டேன்' என்று நாலு வரி எழுதி அனுப்பினால் அண்ணாச்சி பிழைப்பார். இல்லாவிட்டால் சவுக்கடி, அதற்கு மேல் ஜெயில். யாரென்று கண்டுபிடி அக்காள். காலில் விழுந்தாவது எழுதி வாங்கு.

பாக்கியசீலன்

*

ஆற்றடிக்குறிச்சி
1917 மார்ச் 15

அருமைத் தம்பிக்கு அக்காள் எழுதுவது. உடம்புக்கு ஒன்றுமில்லை. தூக்கம்தான் இல்லை.

உன் கடிதம் 9ஆம் தேதியே வந்தது. அந்த இரண்டாவது ஆளைக் கண்டேன். பேரைக் கேட்காதே. கெட்ட ஆளல்ல. தன் வீட்டு ஆள் ஒருவருக்கு ஒரு காரியம் ஆக வேண்டியிருந்தது, முன்சீப் நெருக்கினார், போட்டுவிட்டார். இவ்வளவு தூரம் வரும் என்று நினைக்கவில்லையாம்.

வைத்தியலிங்கத்திடம் போய், வாபஸ் எழுதப்போகிறேன் என்று சொன்னாராம். முன்சீப் வெற்றிலையை மென்றுகொண்டே, "எழுதுங்க. அது பொய்யின்னா நீங்க எங்கிட்ட வாங்கிக்கிட்டதும் பொய்யிதான். ரெண்டும் ஒரே நாள்ல, ஒரே மேசையில எழுதினது. பைய யோசிச்சுக்கிடுங்க" என்று சொன்னாராம். அதனால் அந்த ஆள் பயந்து கிடக்கிறார். எழுதினால் தன் பிள்ளை மாதிரி வளர்த்த ஒருவனுக்குக் கேடு. எழுதாவிட்டால் சிவசைலத்துக்குக் கேடு. அந்த இடத்தில் நீ இருந்தால் என்ன செய்வாய்?

அவரை அதிகம் திட்டாதே தம்பி.

ஞானசௌந்தரி

*

பெங்களூர்
1917 மார்ச் 22

அக்காளுக்குப் பாக்கியசீலன் எழுதுவது. சுகமா என்று கேட்க வாய் வரவில்லை.

மொழிபெயர்த்துச் சொல்கிற துபாஷிக்குத் தெலுங்குதான் நன்றாக வரும். ஆகவே சிவசைலத்தின் காகிதத்தைத் தமிழில் வாசிக்க என்னைக் கூப்பிட்டார்கள். இரண்டாவது கையெழுத்தைப் பார்த்தேன். வாசிக்கத் தேவையிருக்கவில்லை. என் விரலைப் பிடித்து மணலில் 'அ' எழுதவைத்த கை அது.

எனக்கு வாந்தி வந்தது. பேச்சுக்குச் சொல்லவில்லை, வெளியே ஓடி வேலியோரம் வாந்தி எடுத்தேன்.

'அந்த ஆள்' என்று எழுதியிருக்கிறாயே! 'கெட்ட ஆளல்ல' என்று உனக்கு நீயே நன்னடத்தைக் காகிதம் எழுதிக்கொண்டாயே! வைத்தியலிங்கம் கூட இந்த வேலை செய்ததில்லை. அவர் பச்சையாகத் திருடுகிறார். எனக்காகச் செய்தேன் என்று சொல்லாதே. நல்லவன் என்று பெயர் வாங்க இன்னொருவரை அடமானம் வைக்கச் சொல்லி நான் கேட்கவில்லை.

உன் இடத்தில் நான் இருந்தால் என்ன செய்வேன் என்று கேட்டாய். செய்துவிட்டேன். நேற்று கர்னல் துரை முன்னால் போய், 1908இல் பிரம்படி வாங்கியவன் நான், என் காகிதத்தில் அதை மறைத்திருக்கிறார்கள் என்று சொன்னேன். இனி எனக்காக நீ பயப்பட ஒன்றும் மிச்சமில்லை. உடனே எழுது.

பாக்கியசீலன்

*

பாளையங்கோட்டை
1917 மார்ச் 27

தம்பி பாக்கியசீலனுக்கு ஞானசௌந்தரி எழுதுவது.

உன் கடிதம் நேற்று மாலை வந்தது. இன்று காலை, பள்ளிக்கூடத்தை நடத்தும் மிஷனின் மிசியம்மாளிடம் வந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர்கள் இங்கிலீஷில் எழுத, கீழே என் பெயரைப் போட்டேன். முதலில் தந்தி, பின்னாலேயே கடிதம்.

எழுதினது இதுதான்: சிவசைலத்துக்குச் சிறுவயது முதல் வலிப்பு உண்டு என்று எனக்குத் தெரியும். அவர் தன் இஷ்டத்தோடு போகவில்லை என்பதும் தெரியும். என் தம்பியின் காகிதத்துக்குப் பதிலாக இதில் கையெழுத்துப் போட்டேன். வலிப்புக்காரர் கையில் இரும்பு கொடுப்பது எங்கள் ஊர் வழக்கம். கொடுக்கச் சொல்லி எழுதினவளும் நானே.

உன்னிடம் ஒன்றைச் சொல்ல வேண்டும். கையெழுத்துப் போட்ட அன்று நான் தயங்கவில்லை. சிவசைலம் என்ற பேரைப் பார்த்தேன். அவரைத் தெரியாதென்று ஒரு நிமிஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், போட்டேன், வீட்டுக்கு வந்து வயிறாரச் சாப்பிட்டேன். அந்தச் சாப்பாட்டை இப்போது நினைத்தால் அருவருப்பாயிருக்கிறது. உன் கடிதத்தை வைத்துக்கொண்டு பதினேழு நாள் சும்மா இருந்தேன். அந்த நாட்களிலும் பள்ளிக்கூடத்தில் பத்துக் கட்டளைகளை ஒப்புவிக்கச் சொன்னேன். பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பாயாக என்று பிள்ளைகள் கத்தினார்கள். 'இன்னும் உரக்க' என்று சொன்னேன்.

விசாரணை நேற்றே முடிந்திருக்கும். தண்டனைக்கு முன்னாலாவது நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்று ஜெபிக்கிறேன்.

ஞானசௌந்தரி

*

பெங்களூர்
1917 ஏப்ரல் 12

அக்காளுக்குப் பாக்கியசீலன் எழுதுவது.

நேரத்துக்கு வரவில்லை. விசாரணை 26ஆம் தேதி முடிந்துவிட்டது. தந்தி மறுநாள் வந்தது. யாரும் யார் பேரிலும் தந்தி கொடுக்கலாம், கையெழுத்துள்ள கடிதம் வேண்டும் என்றார்கள். தீர்ப்பு முப்பது சவுக்கடி. 28ஆம் தேதி காலையில் அடிக்கத் தொடங்கினார்கள். எங்களையெல்லாம் வரிசையாக நிறுத்திப் பார்க்கவைத்தார்கள். பதினெட்டாவது அடியில் அண்ணாச்சிக்கு வலிப்பு வந்தது. அப்போதுதான் டாக்டர் முதல்முறையாகக் கண்ணால் பார்த்தார். நிறுத்தச் சொன்னார்.

உன் கடிதம் 31ஆம் தேதி வந்தது. கர்னல் துரை இரண்டு தரம் படித்துவிட்டு, எழுதிய ஸ்திரீ நேர்மையானவள் என்றாராம். துபாஷி சொல்லக் கேட்டுக்கொண்டு நின்றேன்.

அண்ணாச்சியை, உடம்பு தகுதியில்லை என்று நீக்கிவிட்டார்கள். என்னையும் நீக்கிவிட்டார்கள், முன் நடத்தையை மறைத்தவன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஆறு மாதம் 'ஆஜர்' சொன்னேன், போதும்.

20ஆம் தேதி அண்ணாச்சியை அவர் வீட்டில் கொண்டுவந்து விடுவேன். அங்கிருந்து தூத்துக்குடிக்குப் போய்க் கொழும்புக்குக் கப்பலேறுகிறேன். நம் வீட்டுக்கு வரமாட்டேன். காத்திருக்க வேண்டாம். இரண்டாவது கையெழுத்து யாருடையது என்று பேச்சி மைனி கேட்டால் நான் சொல்லமாட்டேன். அது உன் வேலை.

பாக்கியசீலன்

*

ஆற்றடிக்குறிச்சி
1917 மே 24

கொழும்பிலிருக்கும் தம்பி பாக்கியசீலனுக்கு அக்காள் எழுதுவது. மேல்விலாசத்தைச் சபை ஐயரிடம் வாங்கினேன். உன் உடம்பு எப்படியோ? கேட்க உரிமையில்லை, கேட்காமலும் இருக்க முடியவில்லை.

ஏப்ரல் 20ஆம் தேதி நீ சிவசைலத்தைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்ததைத் தெருமுனையில் நின்று பார்த்தேன். பக்கத்தில் வரத் தைரியமில்லை. மறுநாள் போனேன். பேச்சி அவர் முதுகுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கை நிற்கவில்லை. "சரி, போங்க" என்றாள். வைவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்தேன். ஒன்றுமில்லை.

என் வேலை போகவில்லை. தவறை ஒப்புக்கொண்டவளை மன்னிக்க வேண்டும் என்று மிசியம்மாள் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். எல்லாரும் என்னை மன்னிக்கிறார்கள். வைத்தியலிங்கத்தை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. வெள்ளிக் கடிகாரம் வந்துவிட்டது. நேற்று என்னைப் பார்த்துக் கும்பிட்டார், ஒரே தொழில் செய்கிற ஒருவர் இன்னொருவரைக் கும்பிடுகிற மாதிரி. வீட்டுக்கு வந்து குளித்தேன்.

போன திங்கட்கிழமை பேச்சி பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். அவள் மகள் என்னிடம் இரண்டாம் வகுப்புப் படித்தாள். நான்தான் வீட்டுக்கு நடையாய் நடந்து, பெண்பிள்ளைக்கும் எழுத்து வேண்டும் என்று சொல்லிச் சேர்த்தேன். பேச்சி வாசலிலேயே நின்றாள்.

"எம்புள்ளைய எங்கூட அனுப்புங்க வாத்தியாரம்மா."

"என்னைத் தண்டி. பிள்ளை படிப்பைக் கெடுக்காதே" என்றேன்.

"எங்க வீட்டுக்காரருக்கு எழுத்துத் தெரியாது. பெருவிரலத்தான் வச்சாவ. அவியளால ஒருத்தருக்கும் ஒரு கெடுதல் வரல. படிச்சு, கையெழுத்துப் போட்டு, எம்மவ யாரு குடியக் கெடுக்கணும்? வேண்டாம்மா" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாள். சிலேட்டு என் மேசையிலேயே இருக்கிறது.

பிள்ளை நின்றுவிட்டால் ரிஜிஸ்தரில் காரணம் எழுத வேண்டும். வறுமை, வியாதி, விவாகம் என்று எழுதுவது வழக்கம். அன்று பகல் முழுக்க அந்தக் கட்டத்தைக் காலியாக வைத்திருந்தேன். பிறகு, 'உபாத்தியாயினி பொய்ச்சாட்சி சொன்னவள் என்று தாயார் நிறுத்திவிட்டார்' என்று எழுதி, கையெழுத்துப் போட்டேன். இன்ஸ்பெக்டர் ஆடி மாதம் வருவார். படிக்கட்டும்.

கொழும்பில் மழைக்காலமாமே. ஈரத் துணியோடு இருக்காதே. பதில் எழுது என்று கேட்க மாட்டேன்.

ஞானசௌந்தரி